ஒரே பூஜ்யம், நான்கு காரணம்: பாடக்குறிப்பு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு முறை வகுப்பில் இப்படி ஒரு கணக்குக் கொடுத்தேன்: ஒரு தொட்டியில் பாதிவரை தண்ணீர் இருக்கிறது. தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இன்னும் ஊற்றினால் எவ்வளவு நிரம்பியிருக்கும்? நான்கு நோட்டில் தப்பு. முதல் நோட்டில் 2/5: மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டியாயிற்று. இரண்டாவதில் 2/6: பகுதியை 6 ஆக்கத் தெரிந்திருக்கிறது, தொகுதியை மாற்றவில்லை. மூன்றாவதில் 3/6 + 2/6 வரை கச்சிதம், கடைசி வரியில் 5/12. நான்காவதில் கேள்வியைப் பார்த்து எழுதியதோடு சரி, கீழே வெறும் தாள்.

நான்குக்கும் பூஜ்யம். நால்வரையும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்து, 1/5 + 2/5 மாதிரி எளிய கணக்குகள் உள்ள ஒரே தாளைக் கொடுத்தேன். எல்லோருக்கும் ஏற்றபடி பாடம் திட்டமிடுகிறோம் என்ற நினைப்பில் நாம் செய்கிற முதல் தவறு இதுதான். மற்ற பல தவறுகள் இதன் வயிற்றில் பிறந்தவை. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கிறோம். எந்த வரியில் கால் இடறியது என்று பார்க்க நேரம் ஒதுக்குவதில்லை.

அந்தத் தாள் என்ன செய்தது? முதல் பெண் அதிலும் 3/10 என்று எழுதினாள். இரண்டாவது பையனுக்குச் சிக்கலே பகுதிகள் வேறுபடும்போதுதான். தாளில் அது வரவே இல்லை. எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு, மறுநாள் பழைய தப்பையே செய்தான். மூன்றாமவள் பாதி சரி, பாதி தப்பு. நான்காமவனுக்குக் கணக்கு ஒரு பிரச்சினையே இல்லை. எழுத்துக்கூட்டி வாசிப்பவன் அவன். ‘ஒரு பங்கு’ என்ற இடத்துக்கு வரும்போது தொட்டியில் பாதி இருந்தது மறந்துபோயிருக்கும்.

ஒரு வேடிக்கையைப் பிறகுதான் கவனித்தேன். 2/5, 2/6, 5/12 மூன்றுமே பாதியைவிடக் குறைவு. “பாதி இருந்த தொட்டியில் இன்னும் ஊற்றியிருக்கிறோம். அப்புறம் எப்படிக் குறைந்தது?” என்று வகுப்புக்கே பொதுவாகக் கேட்டிருந்தால் மூன்று பேரும் தங்கள் நோட்டைத் திரும்பப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு வழி. முதலாமவளுக்குப் படம். இரண்டாமவனுக்குத் தாளை மடித்து, 1/2-உம் 3/6-உம் ஒன்றுதான் என்று காட்டுவது. மூன்றாமவளை ‘ஆறில் மூன்று, ஆறில் இரண்டு, மொத்தம் ஆறில் ஐந்து’ என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிட வேலை.

இது பிடிபடாதபோதுதான் அடுத்த தவறில் விழுகிறோம்: ஒரே பாடத்துக்கு மூன்று பாடக்குறிப்பு. மேல், நடு, கீழ் என்று மூன்று குழு, மூன்று தாள், மூன்று இலக்கு. ஒரு வாரம் தாங்கும். அப்புறம் ஆசிரியர் களைத்துவிடுவார். அது கூடப் பரவாயில்லை. கீழ்க்குழுவின் இலக்கு சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள் பின்னக் கூட்டலை முழுசாகப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1968-ல் முன்வைத்த முழுத்தேர்ச்சிக் கற்றலின் அடிப்படை இதற்கு நேர் எதிர்: எட்ட வேண்டிய இடம் எல்லோருக்கும் ஒன்று, அதற்கு ஆகும் நேரமும் உதவியும் மாறலாம்.

குழு பிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பிரித்த குழு இறுகிப்போகக் கூடாது. இன்று பின்னத்தில் தடுமாறுகிறவள் நாளை வடிவியலில் வெளுத்து வாங்கலாம். குழுக்களுக்குப் பூ, பறவை என்று என்ன பெயர் வைத்தாலும் எது ‘கீழ்’ என்பது ஒரே நாளில் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, நன்றாக வேரூன்றிய ஒரு நம்பிக்கை. ‘இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள், இவன் செய்து கற்பவன்’ என்று பிரித்துப் பாடம் எழுதுவது. பயிற்சி வகுப்புகளில் நானும் இதைத்தான் கேட்டு வளர்ந்தேன். ஹரோல்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008-ல் இதற்கான ஆய்வுகளை அலசினார்கள். அவரவர் ‘பாணி’க்கு ஏற்பக் கற்பித்தால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. விருப்பம் இருக்கலாம், பலன் வேறு. ஒரு பாடத்துக்குப் படம் தேவையா, ஓசை தேவையா என்பதைப் பெரும்பாலும் பாடமே சொல்லிவிடும். நிலப்படத்தைக் கண்ணால்தான் படிக்க வேண்டும், உச்சரிப்பைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

பார்வை, செவித்திறன் சார்ந்த தேவைகளை இதோடு போட்டுக் குழப்பிவிடக் கூடாது. அவை நிஜமான தேவைகள், அவற்றுக்கான ஏற்பாடு பாடக்குறிப்பிலேயே இருக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால், உதட்டசைவை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அந்த வரி போயே போச்சு.

உதவி கொடுப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. உட், ப்ரூனர், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1976-ல் எழுதிய கட்டுரையில் ஆசிரியர் தரும் உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். நாம் சாரம் கட்டுவதில் கெட்டிக்காரர்கள், பிரிப்பதற்குத்தான் திட்டமே வைப்பதில்லை. பாதி நிரப்பிய கணக்கு, பக்கத்தில் குறிப்பு, படிப்படியான மாதிரி எல்லாம் முதல் நாள் சரி. பத்தாவது நாளும் அதே தாள் என்றால் பிள்ளை கட்டத்தை நிரப்பப் பழகியிருப்பான், கணக்குப் போட அல்ல. ‘திங்கள்: மூன்று படியும் கொடுக்க. புதன்: கடைசிப் படி அவர்களே. வெள்ளி: வெறும் கேள்வி’ என்று குறிப்பின் ஓரத்தில் எழுதிவைத்தால் போதும்.

வேகமாக முடிக்கிறவர்களை நாம் படுத்துகிற பாடு தனி. பத்துக் கணக்கை முடித்தவனுக்குப் பரிசு இன்னும் பத்துக் கணக்கு. இரண்டாவது வாரம் அவன் மெதுவாகப் போடக் கற்றுக்கொள்வான், புத்திசாலி ஆயிற்றே! இல்லையென்றால் அவனை நிரந்தர உதவி ஆசிரியர் ஆக்கிவிடுகிறோம். எப்போதாவது சொல்லிக்கொடுப்பது நல்லதுதான், தினமும் என்றால் அவன் கற்பது எப்போது? அதே தொட்டிக் கணக்கைத் திருப்பிப் போடலாம்: கூட்டினால் 5/6 வருகிற மாதிரி வேறு இரண்டு பின்னங்களைக் கண்டுபிடி. 2/3 + 1/6 என்று ஆரம்பிப்பான், 3/4 + 1/12 வரை போவான். ‘மேலே 1 மட்டும்தான் இருக்கலாம் என்றால்?’ என்று கேட்டுப் பாருங்கள். 1/2 + 1/3 தவிர வேறு ஜோடியே கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்லச் சொன்னால் மீதிப் பீரியட் அவன் சத்தமே வராது.

கடைசியாக, “புரிஞ்சுதா?” என்ற கேள்வி. இதை நம்பி அடுத்த நாள் பாடத்தைத் திட்டமிடுவது கண்ணை மூடிக்கொண்டு நடப்பது மாதிரி. எல்லாத் தலையும் ஆடும். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் நமக்குப் பொறுமை இல்லை. ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்னார். அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

நான் இப்போது செய்வது இது: கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளுக்கொரு துண்டுத்தாள், ஒரே ஒரு கணக்கு. மதிப்பெண் கிடையாது. சாயங்காலம் அவற்றை அடுக்குகிறேன், சரி தப்பு என்று இரண்டாக அல்ல, ஒரே மாதிரி தப்பு ஒரே அடுக்கில். பெரும்பாலும் மூன்று நான்கு அடுக்குக்கு மேல் வராது. மறுநாள் பாடக்குறிப்பு அந்த மேசையிலேயே பாதி முடிந்துவிடும்.

வெறும் தாளாக வருவதை மட்டும் எந்த அடுக்கிலும் வைப்பதில்லை. அந்த நான்காவது நோட்டுக்காரனை அடுத்த வாரம் பக்கத்தில் உட்காரவைத்து, தொட்டிக் கணக்கை நானே வாசித்தேன். “எவ்வளவு நிரம்பியிருக்கும்” என்று முடிக்கும் முன்னாலேயே சொன்னான்: “ஆறில் அஞ்சு, சார்.”