'புத்தியைக் காட்டினார்' என்று பாராட்டலாமா?

பணி ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவருக்கான விழா மலரை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய மாணவர் ஒருவர் நெகிழ்ந்து எழுதியிருந்தார்: "எந்தச் சிக்கல் வந்தாலும் ஐயா தன் புத்தியைக் காட்டிவிடுவார்." ஆசிரியரின் அறிவைப் புகழ்வதே அவர் நோக்கம். ஆனால் ஒருவர் புத்தியைக் காட்டிவிட்டார் என்றால், அதுவரை உள்ளே கிடந்த கெட்ட குணம் வெளியே வந்துவிட்டது என்றுதான் தமிழில் பொருள். 'கைவரிசையைக் காட்டினார்' என்பது திருட்டைக் குறிப்பது போலத்தான். அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை 'தம் மதிநுட்பத்தால் தீர்த்துவிடுவார்' என்று மாற்றினோம்.

புத்தி என்னும் சொல் அறிவை மட்டுமல்ல, இயல்பையும் குறிக்கிறது. குறுக்குப் புத்தி, குரங்குப் புத்தி, அற்பப் புத்தி எல்லாம் அப்படி வந்தவை. கூர்மையோ சாலியோ சேர்ந்து புத்திக்கூர்மை, புத்திசாலி என்று ஆகும்போதுதான் அது ஐயத்துக்கு இடமில்லாத பாராட்டாகிறது.

நான் அடிக்கடி திருத்தும் இன்னொரு சொல் விவேகம். "பந்து வந்த நொடியில் விவேகமாகப் பாய்ந்து பிடித்தார்" என்று விளையாட்டுச் செய்தியில் எழுதுகிறார்கள். விவேகம் என்பது நல்லது எது, கெட்டது எது என்று பகுத்துப் பார்ப்பது. அதற்கு ஒரு நிதானம் வேண்டும். வேகம் இருந்தால் போதாது, விவேகமும் வேண்டும் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசும் மொழி இது. நொடியில் சரியானதைச் செய்வதற்கு வேறு சொல் இருக்கிறது: சமயோசிதம். சமயம், உசிதம் என்ற இரண்டும் சேர்ந்தது; அந்த வேளைக்குப் பொருத்தமானது என்று பொருள். உசிதம் உள்ளே இருப்பதால் 'சமயோஜிதம்' என்று எழுதுவது பிழை. பத்து ஆண்டு உழைத்து எழுதிய ஆய்வு நூலைச் சமயோசிதமானது என்று புகழ்வதும் பொருந்தாது. தண்டவாளத்தில் விரிசலைக் கண்டதும் சிவப்புத் துணியை அசைத்து ரயிலை நிறுத்தியவருக்கு உரிய சொல் அது. அதே வேகம் பேச்சில் வெளிப்பட்டால் சாதுரியம் என்கிறோம்.

கற்பூர புத்தியையும் பொத்தாம்பொதுவாக அறிவு என்ற பொருளில் கையாள்கிறார்கள். கற்பூரம் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். கரி நேரம் எடுத்துப் பற்றும். வாழைமட்டை பற்றவே பற்றாது. சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் விரைவுக்கான அளவுகோல் இது. புதிதாகச் சிந்திப்பவரையோ ஆழ்ந்து ஆராய்பவரையோ இதனால் அளக்க முடியாது. மாணாக்கரைத் தரம் பிரிக்கும் நன்னூல், பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை முதல் தரத்தில் வைக்கிறது. சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் கிளிக்கு இடைத்தரம்தான். செடிக்குச் செடி தாவி நுனிப்புல் மேயும் ஆடு கடைசி வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையை நினைவில் வைத்தால், விரைவைக் கண்டதும் 'மேதை' என்று எழுதத் துடிக்கும் கை கொஞ்சம் தயங்கும்.

படிப்பையும் நுட்பத்தையும் ஒன்றாக்குவது அடுத்த பிழை. "முனைவர் பட்டம் பெற்ற மதிநுட்பக்காரர்" என்ற தொடரில் பட்டம் மதிநுட்பத்துக்குச் சான்றாக நிற்கிறது. 'மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு' என்று 636ஆம் குறள் தொடங்குகிறது. நூலறிவோடு மதிநுட்பமும் சேர்ந்திருப்பதைச் சொல்கிறது என்றால், இரண்டும் வேறு வேறு என்பது வெளிப்படை.

பழைய பொருளை நம்பி இன்றைய வாசகருக்கு எழுதுவதிலும் ஆபத்து உண்டு. 671ஆம் குறளில் சூழ்ச்சி என்பது ஆலோசித்தல். இன்று அது சதி. 'சூழ்ச்சித்திறன் மிக்க தலைவர்' என்று யாரையாவது வாழ்த்தினால் வாழ்த்தப்பட்டவரே முகம் சுளிப்பார். தந்திரசாலி என்பதிலும் நரியின் நிழல் விழுகிறது. இராஜதந்திரி என்பதில் அந்த நிழல் இல்லை. முன்னால் 'அதி' ஒட்டினால் நிலைமை இன்னும் மோசம். அதிமேதாவி, அதிபுத்திசாலி இரண்டும் ஏளனங்கள். பாராட்டைப் பெரிதாக்க நினைத்து இந்த முன்னொட்டைச் சேர்க்காதீர்கள்.

'பிரகாசமான மாணவி', 'கூர்மையான மனிதர்' போன்றவை ஆங்கிலத்தின் நிழலில் முளைத்தவை. எதிர்காலம் பிரகாசமாக இருக்கலாம், மாணவி கெட்டிக்காரி. கூர்மை மனிதருக்கு நேராகப் பொருந்தாது; அவருடைய பார்வைக்கும் அறிவுக்கும் பொருந்தும்.

ஆளைப் பார்த்தும் சொல்லைத் தேர வேண்டும். சூட்டிகை என்பது சிறுவர்களுக்கு அழகாகப் பொருந்தும்; எழுபது வயது அறிஞரிடம் ஒட்டாது. சமர்த்து என்று குழந்தையைச் சொன்னால் அடம்பிடிக்காமல் சொன்னபடி கேட்கிறது என்று பொருள். அதோடு உறவுள்ள சாமர்த்தியமோ காரியத்தைச் சாதிக்கும் திறமை. ('சாமார்த்தியம்' என்று நீட்டி எழுத வேண்டாம்.)

கடைசியாக ஒன்று, இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. ஒரே வகுப்பில் ஒரே மாதிரி உடனுக்குடன் பதில் சொல்லும் இருவரில், பையனைச் 'சாதுரியமானவன்' என்றும் பெண்ணை 'வாயாடி' என்றும் எழுதுகிறார்கள். அலுவலகத்தைத் திறம்பட நடத்தும் ஆண் 'அறிவாளி', பெண் 'சாமர்த்தியக்காரி'. புத்திசாலி, அறிவாளி, மேதை என்ற சொற்களுக்கு ஆண்பால் பெண்பால் விகுதியே கிடையாது. நான் மெய்ப்புப் பார்க்கும் பக்கங்களில் வாயாடியை அடித்துவிட்டுச் சாதுரியமானவள் என்று எழுதுகிறேன்.