கேட்சராக உட்காரப் போகிறவனுக்கு

மன்னார்குடிப் பக்கம் நான் விளையாட்டு வாத்தியார். பேஸ்பாலில் எல்லாப் பிள்ளைக்கும் அடிக்கத்தான் ஆசை. அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கிற கேட்சராக உட்கார ஒருத்தனும் வரமாட்டான். சரி, மாட்டிக்கொண்டவனுக்குச் சொல்கிறேன்.

முதலில் குந்தப் பழகு. கையுறை, பந்து போடும் பிட்சருக்கு நேராக விரிந்திருக்கட்டும். பேஸில் (ஓடுகிறவன் நிற்கும் இடம்) எதிரணி ஆள் இல்லையென்றால் எறிகிற கையை முதுகுக்குப் பின்னால் வை. வெளியே நீட்டினால், மட்டையில் உரசி வரும் பந்து விரலைப் பதம் பார்த்துவிடும்.

தரையில் குத்தி வரும் பந்துதான் பெரிய வேலை. அதைப் பிடிக்கப் பார்க்காதே, மறி. முழங்கால் இரண்டும் தரையில், கையுறை நடுவே மண்ணைத் தொட்டபடி, தாடை நெஞ்சோடு, தோள் முன்னால் வளைந்து. பந்து நெஞ்சுக் கவசத்தில் பட்டு உன் முன்னாலேயே விழ வேண்டும். உளுந்து எடுத்த வயலில் டென்னிஸ் பந்தை வைத்துப் பழகு. களிமண் வெடிப்பில் பட்டது எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது.

தப்பவிட்டால் முகத்தைத் தொங்கப்போடாதே. அமெரிக்க கேட்சர் பாப் யூக்கர் அங்கே உச்சப் போட்டியான மேஜர் லீகில் ஆடியது 1962 முதல் 1967 வரைதான், பேட்டிங் சராசரி .200, அதாவது ஐந்து தடவைக்கு ஒரு தடவைதான் ஹிட். கடைசி ஆண்டில் பிட்சர் ஃபில் நீக்ரோவின் நக்கிள்பாலோடு (சுழலாமல் அலைந்து வரும் பந்து) மல்லுக்கட்டி, மொத்தம் 27 பந்துகளைக் கோட்டைவிட்டார். மேஜர் லீகின் ஒரு பிரிவான நேஷனல் லீகிலேயே அந்த ஆண்டு அதுதான் அதிகம்! அதையே சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவர், 1971 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியின் வானொலி வர்ணனையாளர். 2025-ல் காலமானார்.

அப்புறம், ஆட்டம் முடிந்ததும் முகமூடியை வெயிலில் காயப்போடு. வேர்வை ஊறினால் அடுத்தவன் மாட்டமாட்டான்.