வேலையின்மை விகிதத்தை எப்படிப் படிப்பது?

பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியையாக நான் மாணவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: வேலையின்மை விகிதத்தைப் பார்த்ததும், அதில் யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவர்கூட வேலையில் இருப்பவர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 54 பேர் வேலையில், 6 பேர் தேடலில். 60-ல் 6, அதாவது 10 சதவீதம். அந்த ஆறு பேரில் மூவர் மனம் வெறுத்துத் தேடுவதையே விட்டுவிட்டால்? 57-ல் 3, சுமார் 5.3 சதவீதம். ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது! அதனால் உழைப்பாளர் பங்கேற்பு விகிதத்தையும், அதாவது வேலை செய்யும் வயதினரில் எத்தனை சதவீதம் பேர் வேலையிலோ தேடலிலோ இருக்கிறார்கள் என்பதையும், பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

அப்புறம் காரணம். பல துறைகளில் ஒரே நேரத்தில் ஆட்குறைப்பு நடந்தால், பெரும்பாலும் நாட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யும் மொத்தச் செலவு சுருங்கியிருக்கும். பெருமந்தத்தின்போது, 1933-ல், அமெரிக்க உழைப்பாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வேலையின்றி நின்றார். அப்படிப்பட்ட நேரத்தில் "திறமையை வளர்த்துக்கொள்" என்று தனிமனிதரைக் குறை சொல்வது அநியாயம். ஒரு துறை படுத்துவிட, இன்னொரு துறை ஆள் கிடைக்காமல் தவித்தால் அது கட்டமைப்பு வேலையின்மை. அங்கேதான் பயிற்சி உதவும். வேலை மாறும் இடைவெளியில் தேடுபவர்கள் எப்போதும் இருப்பார்கள், அது பெரிய கவலை இல்லை.

சரி, கடைசியாக, எவ்வளவு காலமாக வேலை இல்லை என்ற அட்டவணையையும் தேடிப் பாருங்கள். ஓராண்டைத் தாண்டியவர்கள் கூடினால் நிலைமை மோசம். அதற்குள் கைப்பழக்கம் விட்டுப்போய், வேலை கொடுப்பவர்களும் தயங்கத் தொடங்கியிருப்பார்கள்.