புக்கிட் தீமா பழைய ரயில் பாதையில் முதல் நடை: எங்கே ஏறி எங்கே இறங்குவது

சிங்கப்பூரின் ரயில் காரிடார் மொத்தம் 24 கி.மீ. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு ரயில் ஓட்டம் நின்ற பாதை இது. நடப்பவர், ஓடுபவர், சைக்கிள்காரர் எல்லாருக்கும் ஒரே தடம்தான். முதல் முறை போகிறவர்களுக்கு ஹில்வியூ சாலையிலிருந்து புக்கிட் தீமா ரயில் நிலையம் வரையுள்ள 4 கி.மீ. போதும்.

படி 1: ஹில்வியூ எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் காலை 7 மணிக்கு இறங்குங்கள். அப்போதுதான் விடியும். பத்து மணிக்கு மேல் நிழலில்லாத இடங்களில் வெயில் வாட்டிவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். சைக்கிளை எம்ஆர்டியில் கொண்டுவருவதானால், மடித்தபின் 120 x 70 x 40 செ.மீ.க்குள் அடங்க வேண்டும்.

படி 2: தெற்கு நோக்கி நடங்கள். ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் அதிகமில்லை. மழை பெய்திருந்தால் புல் ஓரம் சேறாகிவிடும், மெல்லிய டயர் வழுக்கும். இடப்பக்கமாகவே போங்கள். ரெயில் மால் என்ற கடைவரிசை அருகே முதல் இரும்புப் பாலம் வரும். படம் எடுப்பவர்கள் நடுவில் நிற்பார்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடப்பது நல்லது. இடி இடித்தால் பாலத்தில் நிற்கவே கூடாது. தண்ணீர் தீர்ந்திருந்தால் இங்குள்ள கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: தெம்பிருந்தால் ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்காவுக்குப் பிரிந்து, பழைய கல்குவாரியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பக்கத்திலுள்ள 163 மீட்டர் உயர புக்கிட் தீமா குன்றின் நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே தீனி என்று பாய்ந்து பிடுங்கும். எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டு மூடிவிடுங்கள். அவற்றுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

படி 4: இரண்டாவது இரும்புப் பாலத்தைத் தாண்டினால் 1932-இல் கட்டிய ரயில் நிலையம். இங்கே அவசரப்படாதீர்கள். தண்டவாளம் இரண்டாகப் பிரிவதைக் கவனியுங்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வந்த ரயில்கள் ஒன்றையொன்று விலகிச் சென்ற இடம் இது. டோக்கன், அதாவது முன்னே உள்ள ஒற்றைப் பாதையில் போக அனுமதி தரும் அடையாளப் பொருள், கைக்கு வராமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. நிலைய ஊழியர் அதை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி நீட்டுவார், ஓடும் வண்டியிலிருந்தே ரயில்காரர்கள் கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். ரயில் ஓடிய கடைசி நாள் வரை இந்த முறைதான்.

திரும்ப, கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நடை தூரத்தில் இருக்கிறது.