கட்லரை விற்றதில் லாபம் யாருக்கு? கணக்குப் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. வீரர் பேரங்களை அலசுவதில் ஆர்வமுள்ளவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் ஜே கட்லர் மீதுதான். பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் அவர். கை வலிமையில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. அடுத்த பந்தை யாரிடம் வீசுவார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. நான் எழுதத் தொடங்கிய காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குகிறார்கள். ஆண்டை மாற்றி எழுதுவது, அணியின் பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை யார் கண்ணிலும் படும்.

நடந்தது இதுதான். 2008 பருவத்தில் டென்வர் பிராங்கோஸ் அணிக்காக 4,526 கெஜம் பந்து வீசி, நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுலுக்கும் தேர்வானார் கட்லர். பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் மைக் ஷனஹன் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஜாஷ் மெக்டேனியல்ஸ், முன்பு தன்னிடம் பயின்ற குவார்ட்டர்பேக் மேட் காசலைக் கொண்டுவரப் பேசிப் பார்த்த செய்தி கட்லரின் காதுக்கு எட்டியது. மனக்கசப்பு முற்றி, தன்னை வேறு அணிக்கு அனுப்பிவிடும்படி அவரே கேட்டார். 2009 ஏப்ரல் 2 அன்று அவரையும் அவ்வாண்டு டிராஃப்ட்டின் ஐந்தாம் சுற்று இடம் ஒன்றையும் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கொடுத்தது டென்வர். பதிலுக்கு குவார்ட்டர்பேக் கைல் ஆர்ட்டன், 2009இன் முதல் சுற்று இடம், அதே ஆண்டின் மூன்றாம் சுற்று இடம், 2010இன் முதல் சுற்று இடம் ஆகியவை கிடைத்தன. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் முதல் சுற்று இடத்தை எந்த அணியும் எளிதில் விட்டுக்கொடுக்காது. சிகாகோ இரண்டைக் கொடுத்தது.

வெற்றி தோல்வியை ஒரே ஆளின் தலையில் கட்டுவது

சிகாகோவில் கட்லர் தொடங்கி ஆடியவற்றில் 51 வெற்றி, 51 தோல்வி. இந்த எண்ணை முதல் பத்தியில் போடாத புதியவர் இல்லை. சிகாகோவின் தடுப்பாட்டக்காரர்கள் பிரையன் அர்லாக்கரும் லான்ஸ் பிரிக்ஸும் தடுத்த பந்துகளும், டெவின் ஹெஸ்டர் திருப்பி ஓடிய ஓட்டங்களும் அந்த 51 வெற்றிகளில் இருக்கின்றன. எண்ணைப் போடலாம், தீர்ப்பாகப் போடக்கூடாது.

நிலையின்மையைச் சராசரியால் அளப்பது

2009இல் கட்லர் 27 டச் டவுன் (புள்ளி தந்த வீச்சு), 26 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு). எதிரணிக்குப் பந்தைத் தாரை வார்த்ததில் அந்தப் பருவத்தில் லீக்கிலேயே முதலிடம். இந்த 26ஐ 16 ஆட்டங்களால் வகுத்தால் ஆட்டத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல் வரும். கேட்பதற்கு அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் அவை அப்படிச் சீராகவா வந்தன? கிரீன் பே நகரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே நான்கு. நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஐந்து. அந்த ஆட்டத்தில் எதிரணி எடுத்தது வெறும் 10 புள்ளிகள். சிகாகோ 6 எடுத்துத் தோற்றது. கடைசி வீச்சாக, புள்ளி எடுக்கும் எல்லையான எண்ட் ஸோனுக்குப் போன பந்தும் எதிரணி வீரரின் கையில்தான் விழுந்தது.

நிலையற்ற ஆட்டக்காரர் எவ்வளவு நஷ்டம் என்பது அவர் சேரும் அணியைப் பொறுத்தது. தடுப்பு வலுவாக உள்ள அணிக்கு அவருடைய பிரமாதமான நாள் பெரிதாக எதையும் கூட்டித் தராது, ஏனென்றால் அந்த ஆட்டத்தை அவர்கள் எப்படியும் வென்றிருக்கக்கூடும். அவருடைய மோசமான நாளோ, கையில் இருந்த வெற்றியைப் பறித்துவிடும். சிகாகோ அப்படிப்பட்ட அணி. எனவே ஆட்டம் ஆட்டமாகப் பிரித்து, எதிரணி குறைவாகப் புள்ளி எடுத்தும் தோற்றவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கிளை பிரித்துக்கொண்டே போவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஓர் இளைஞர் படம் ஒன்று வரைந்து அனுப்பினார். மேலே கட்லரின் பெயர். அங்கிருந்து அம்புக்குறிகள் கிளை கிளையாக இறங்கி, அடியில் 2016 பிப்ரவரியில் டென்வர் வென்ற, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பையில் போய் முடிந்தன. அணியின் ஆரஞ்சும் நீலமும் கொண்டு அழகாகத் தீட்டியிருந்தார். கணக்குதான் தப்பு.

முதலில் சரியான பகுதி. சிகாகோ கொடுத்த 2010 முதல் சுற்று இடம் 11ஆவதாக அமைந்தது. அதை டென்வர் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து 13ஆவது இடத்தையும் 113ஆவது இடத்தையும் பெற்றது. 13ஐ ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து 24, 70, 87 ஆகிய இடங்களை வாங்கியது. பிறகு 24உடன் அந்த 113ஐயும் சேர்த்து நியூ இங்கிலாந்திடம் கொடுத்து 22க்கு ஏறியது. 22இல் டெமேரியஸ் தாமஸ். 87இல் எரிக் டெக்கர். இதுவரை வெளியிலிருந்து ஒரு காசும் உள்ளே வரவில்லை. இந்த இருவரையும் கட்லரின் பெயரில் தாராளமாக எழுதலாம்.

மீதமிருந்த 70இல்தான் கோளாறு தொடங்குகிறது. குவார்ட்டர்பேக் டிம் டீபோவுக்காக 25ஆவது இடத்தைப் பிடிக்க, பால்டிமோருக்கு டென்வர் கொடுத்தவை 43, 70, 114. இதில் 43, தன் வீரர் பிராண்டன் மார்ஷலை மயாமிக்கு விற்றதில் வந்தது. படத்தில் டீபோ முழுவதுமாகக் கட்லரின் கணக்கில் இருந்தார். அதே இளைஞர் நாளை மார்ஷல் பேரத்தைப் பற்றி எழுதினால் டீபோவை அங்கேயும் முழுவதுமாக வரவு வைப்பார். ஊரில் இருந்த நிலத்தை விற்று, மனைவியின் நகையையும் அடகு வைத்து வீடு வாங்கியவர், நிலம்தான் வீடாக மாறியது என்று சொல்லித் திரிவதைப் போன்றது இது.

2009இலும் இதே கதைதான். சிகாகோவின் முதல் சுற்று இடமான 18இல் ராபர்ட் ஏயர்ஸ் வந்தார், சிக்கலில்லை. மூன்றாம் சுற்றின் 84ஐ மட்டும் தன்னிடமிருந்த 79உடன் சேர்த்துப் பிட்ஸ்பர்க்கிடம் கொடுத்து, 64, 132 ஆகிய இடங்களை வாங்கியது டென்வர். வந்தவர்கள் ரிச்சர்ட் குவின், செத் ஓல்சன், இருவருமே சோபிக்கவில்லை. அந்த 84இல் பிட்ஸ்பர்க் எடுத்தது மைக் வாலஸை. 2010, 2011 ஆகிய இரண்டு பருவங்களிலும் பந்து பிடித்து ஆயிரம் கெஜம் தாண்டியவர். படத்தில் குவினுக்கு ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வாலஸ் இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. அதே 2009 டிராஃப்ட்டில், இரண்டாம் சுற்றின் 37ஆவது இடத்தில் அல்ஃபோன்சோ ஸ்மித்தை எடுப்பதற்காகத் தன் சொந்த 2010 முதல் சுற்று இடத்தையே சியாட்டிலுக்குக் கொடுத்தது டென்வர். சிகாகோவின் முதல் சுற்று இடம் பையில் இருந்த தெம்பில்தான் அவ்வளவு துணிந்தார்கள் என்பது என் கருத்து. ஸ்மித் ஒரே பருவத்தில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பப்பட்டார். சியாட்டிலுக்குப் போன இடம் 14ஆவதாக அமைந்து, அதில் ஏர்ல் தாமஸ் தேர்வானார். 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் டென்வரை 43-8 என்று சியாட்டில் நசுக்கியபோது, பின்தடுப்பில் நின்றவர்களில் அவரும் ஒருவர். எதிரே பந்து பிடிக்க ஓடியவர்கள் டெமேரியஸ் தாமஸும் டெக்கரும். கட்லரின் கிளைகளைக் கோப்பை வரை நீட்டுகிறவர்கள் இந்த ஆட்டத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

கோப்பைக்கு வருவோம். கோப்பை வென்ற அணியின் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் 2012இல் இண்டியானாபொலிஸ் விடுவித்த பிறகு தானாகத் தேர்ந்தெடுத்து வந்தவர். அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் வான் மில்லர் 2011 டிராஃப்ட்டின் இரண்டாவது இடம். 2010இல் டென்வர் 4 வெற்றி, 12 தோல்வி என்று சரிந்ததால் கிடைத்த இடம் அது. இதைக் குறிப்பிட்டுப் படத்தைத் திருப்பி அனுப்பினேன். "அப்படியானால் மில்லரையும் சேர்த்துவிடலாமா, சார்?" என்று கேட்டு, இன்னோர் அம்புக்குறி போட்டு அனுப்பினார். கட்லர் போனதால் அணி தோற்றது, தோற்றதால் மில்லர் வந்தார், மில்லர் வந்ததால் கோப்பை, ஆகவே பேரம் லாபம்! தோல்வியையும் வரவில் எழுத முடிகிற கணக்கில் எந்தப் பேரம்தான் நஷ்டமாகும்?

கிளையை எங்கே வெட்டுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி: வெளியிலிருந்து வேறு சொத்து சேரும் இடத்தில் பங்கு பிரியுங்கள், ஆள் தேர்வாகிவிட்டால் நிறுத்துங்கள். பேரம் செய்தது ஒரு முடிவு, கிடைத்த இடத்தில் யாரை எடுத்தார்கள் என்பது இன்னொரு முடிவு. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதினால், டென்வர் நல்ல விலைக்கு விற்றதும், வந்த பணத்தில் பாதியை வீணடித்ததும் ஒருசேரத் தெரியும்.

வாங்கியவர் கொடுத்த விலை எங்கே வலித்தது என்று பார்க்காதது

விற்றவரின் வரவையே எண்ணிக்கொண்டிருப்பவர்கள், வாங்கியவரின் வெற்றிடத்தைக் கவனிப்பதில்லை. சிகாகோவுக்கு 2009இலும் 2010இலும் முதல் சுற்று இடம் இல்லை. 2010இன் இரண்டாம் சுற்று இடமும் வேறொரு பேரத்தில் போய்விட்டதால், அந்த ஆண்டு மூன்றாம் சுற்றில்தான் முதல் ஆளை எடுக்க முடிந்தது. குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டிய முன்வரிசைக்கு நல்ல இளம் ஆட்கள் வரவில்லை. 2010 அக்டோபரில் நியூ யார்க் ஜயன்ட்ஸ் முதல் பாதியிலேயே கட்லரை ஒன்பது முறை தரையில் சாய்த்தார்கள். தலையில் அடிபட்டு வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் 52 முறை சாய்க்கப்பட்டார். அவரை வாங்கக் கொடுத்த விலையே அவருக்கு முன்னால் நிற்க வேண்டியவர்களைப் பறித்தது. நேரம் கிடைக்காத குவார்ட்டர்பேக் அவசரத்தில் வீசும் பந்து எதிரணிக்குப் போவதும், அதைக் காரணம் காட்டி அவரை நிலையற்றவர் என்பதும் ஒரே சங்கிலி. வாஷிங்டனின் டிஆஞ்சலோ ஹால் ஒருவரே ஒரே நாளில் கட்லர் வீசிய நான்கு பந்துகளைப் பிடித்துக்கொண்டதற்கு இது முழுச் சமாதானம் ஆகாது, வாஸ்தவம்தான்.

மாற்று ஆளை வசதிக்கேற்பப் பொறுக்குவது

2011இல் 7 வெற்றி, 3 தோல்வி என்று இருந்தபோது கட்லரின் கட்டைவிரல் முறிந்தது; தொடர்ந்து ஐந்து ஆட்டங்கள் தோல்வி. முதல் நான்கில் அவருக்குப் பதில் ஆடியவர் கேலெப் ஹேனி. கட்லரைப் பிடித்தவர்கள் ஹேனியைக் காட்டுவார்கள். பிடிக்காதவர்கள் 2013ஐக் காட்டுவார்கள்: அவர் காயப்பட்டிருந்தபோது ஆடிய ஜாஷ் மெக்கவுன் 13 டச் டவுன், ஒரே இன்டர்செப்ஷன். இரண்டையும் எழுதாதவர் ஒன்றையும் எழுத வேண்டாம். கூடவே ஒரு வேடிக்கை: ஹேனியோடு திண்டாடத் தொடங்கிய அதே நவம்பரில் டென்வர் ஆர்ட்டனை விடுவித்தது. கட்லருக்காகத் தாங்களே கொடுத்துவிட்ட ஆர்ட்டனுக்கு மறுபடியும் விண்ணப்பம் போட்டது சிகாகோ. விடுவிக்கப்பட்டவரைக் கேட்டுப் பெறும் வரிசையில் முன்னால் இருந்த கேன்சஸ் சிட்டி கொண்டுபோய்விட்டது.

2014 சம்பளத்தை 2009 கணக்கில் ஏற்றுவது

2009இல் சிகாகோவின் பொது மேலாளராகப் பேரம் செய்தவர் ஜெர்ரி ஏஞ்சலோ. 2014இல் கட்லருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் கொடுத்தவர், ஏஞ்சலோவுக்குப் பின் வந்த ஃபில் எமரி.

ஒரு முழங்காலை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

2011 ஜனவரி 23, கிரீன் பேயிடம் 21-14 தோல்வி, பாதியில் வெளியேறிய கட்லர். முழங்காலில் தசைநார்க் காயம் என்று பிறகு பரிசோதனையில் தெரிந்தது. விடுங்கள்.

கட்லரின் முகத்தைப் பற்றி எழுதுவது

இப்படிப்பட்ட கட்டுரைகளை நான் திருத்துவதில்லை. அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.