டீசல் எஞ்சினை அணைக்கும்போது சாவியைக் கடைசியில் தொடுங்கள்

காரில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நின்றுவிடும். பாய்மரப் படகுகளில் இருக்கும் சிறிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் அப்படி நிற்காது. சாவியைத் திருப்பிய பிறகும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக் இல்லாத எஞ்சின் இது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. பழைய வகைகளில் ஓட ஆரம்பித்த பிறகு மின்சாரமே தேவையில்லை. நிறுத்த வேண்டுமென்றால் டீசல் போவதை நிறுத்த வேண்டும்; அல்லது காற்று போவதை.

இதை எல்லோரும் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அணைத்த பிறகு செய்யவேண்டிய ஒரு சின்ன வேலையைத்தான் மறந்துவிடுகிறோம். நான் மறந்தேன். அதற்காகவே இந்தப் பதிவு.

1. அணைக்கலாமா என்று முதலில் பாருங்கள்

எஞ்சின் நின்ற நொடியிலிருந்து படகை எது பிடித்துக்கொள்ளப் போகிறது? கயிறுகள் கட்டியாகிவிட்டதா? நங்கூரம் என்றால், ரிவர்ஸில் மெல்ல இழுத்துப் பார்த்து, கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்கள் விலகாமல் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பாய் விரித்து ஓடப் போகிறீர்கள் என்றால், பாய் காற்றைப் பிடித்துச் சுக்கான் சொன்னபடி கேட்கிறது என்று தெரிந்த பிறகே அணையுங்கள்.

2. நியூட்ரல், ஐட்லிங், 5 நிமிடம்

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, த்ராட்டிலை முழுவதும் குறைத்து விடுங்கள். குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்ப் எஞ்சினோடு சேர்ந்துதான் சுழல்கிறது. முழு வேகத்தில் ஓடியதைச் சட்டென்று அணைத்தால் தண்ணீர் நின்றுவிடும். சூடு மட்டும் உள்ளேயே தங்கி, சிலிண்டர் ஹெட்டின் வெப்பம் இன்னும் ஏறும். டர்போ உள்ள எஞ்சின் என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் பேரிங்குக்கு ஆயில் வருவதும் எஞ்சின் ஓடும்வரைதான்.

மெதுவாக உள்ளே வந்து கட்டியிருந்தால், அந்த நேரத்திலேயே பாதிக்குமேல் ஆறியிருக்கும். அதற்காக அரை மணி நேரம் ஐட்லிங்கில் விடாதீர்கள். சுமையில்லாமல் நெடுநேரம் ஓடினால் டீசல் சரியாக எரியாது, கரி படியும். காத்திருக்கும் நிமிடங்களில் பின்புறம் எட்டிப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்வித்த கடல்நீர் எக்ஸாஸ்ட்டில் வழக்கம்போல் துப்புகிறதா? குறைந்திருந்தால் இம்பெல்லரையும் (பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) வடிகட்டியையும் இன்றே பார்த்துவிடலாம்; நாளைக்குப் புறப்படும் நேரத்தில் அல்ல.

3. ஸ்டாப்

யன்மார் ஜிஎம் வரிசை போன்ற பழைய எஞ்சின்களில் இழுக்கும் கைப்பிடி இருக்கும். இழுத்தால் ஒரு கேபிள் வழியாக டீசல் பம்பில் உள்ள லீவர் நகர்ந்து டீசலை வெட்டிவிடும். புதியவற்றில் பட்டன். எதுவானாலும் எஞ்சின் கடைசிச் சுற்றும் சுற்றி முழுவதும் நிற்கும்வரை விடாதீர்கள். பாதியில் விட்டால் மறுபடி பிடித்துக்கொண்டு ஓடும்.

நின்றதும் அலாரம் கத்தும். பயப்பட வேண்டாம். சாவி இன்னும் ஆனில் இருப்பதால், ஆயில் அழுத்தம் இறங்கியதைச் சொல்கிறது, அவ்வளவுதான். இப்போது சாவியைத் திருப்புங்கள். பேட்டரியின் பெரிய சுவிட்ச் அதற்கும் பிறகுதான். எஞ்சின் ஓடும்போது அந்தச் சுவிட்சைத் திருப்பினால், ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் போக இடமில்லாமல் மின்னழுத்தம் எகிறும். டயோடுகள் போய்விடும்.

4. கைப்பிடியைத் திரும்ப உள்ளே தள்ளுங்கள்

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு மாலை நங்கூரம் போட்டு, அணைத்து, தூங்கிவிட்டேன். காலையில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கும் என்று நினைத்து, நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தேன். மறுபடி ஸ்டார்ட். மறுபடி ஏர். திடீரென்று ஸ்டார்ட்டர் 'டக்' என்ற ஒரே அடியோடு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், ஸ்டாப் கைப்பிடி இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே நிற்கிறது. முந்தைய மாலை இழுத்தது அப்படியே இருந்திருக்கிறது.

அந்த 'டக்'குக்குக் காரணம் கடல்நீர். ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் பம்ப் கடல்நீரை எக்ஸாஸ்ட்டுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடினால் புகை அந்தத் தண்ணீரை வெளியே துப்பிவிடும். ஓடாவிட்டால் வாட்டர்லாக் டப்பா (எக்ஸாஸ்ட் குழாயில் தண்ணீர் தேங்கும் டப்பா) நிரம்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அழுத்த முடியாது. அதையும் மீறிச் சுற்றவைத்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். நான் இன்ஜெக்டர்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலைப் பலமுறை மாற்றி, அன்றே ஓடவைத்தேன். உப்புத்தண்ணீர் ஒரு வாரம் உள்ளே நின்றிருந்தால் துரு பிடித்திருக்கும்.

ஆகவே, இழுத்த கையாலேயே உடனே தள்ளிவிடுங்கள். கைப்பிடியின் தண்டில் நான் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறேன். சிவப்பு தெரிந்தால் இன்னும் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் என்ன காரணத்துக்காகவும் சில முயற்சிகளில் பிடிக்கவில்லை என்றால், கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றவையுங்கள். பிடித்த நொடியே திறந்துவிடுங்கள், இல்லையென்றால் இம்பெல்லர் காய்ந்து கருகும்.

5. பிறகு

பாயில் போகும்போது கியர் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பது கியர்பாக்ஸைப் பொறுத்தது; அதன் கையேடு சொல்வதுதான் சரி. மடங்கும் ப்ரொப்பெல்லர் என்றால், எஞ்சின் நின்றபின் ரிவர்ஸில் போட்டால் இதழ்கள் மடங்கிக்கொள்ளும். அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் நியூட்ரலுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

படகை விட்டு இறங்குகிறீர்கள் என்றால் கடல்நீர் வால்வை மூடி, எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டுங்கள். சாவியை எடுக்கப் போனால் வால்வு கண்ணில் படும். நானறிந்தவரை இதைவிட நல்ல நினைவூட்டல் இல்லை.

பிற்சேர்க்கை: நிற்கவே இல்லையென்றால்?

இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்ததால் சேர்க்கிறேன். கேபிள் அறுந்திருந்தால், டீசல் பம்பில் உள்ள அந்த லீவரைக் கையால் தள்ளலாம். அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று இன்றைக்கே டார்ச் அடித்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டீசல் வால்வை மூடினாலும் நிற்கும். ஆனால் சற்று நேரம் பிடிக்கும், பிறகு ஏர் எடுக்க வேண்டிவரும்.

எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு தானாக வேகமெடுத்தால், டீசலை வெட்டிப் பயனில்லை. காற்றை அடைக்கவேண்டும். காற்று உறிஞ்சும் வாயை மூடும் அளவுக்கு ஒரு ப்ளைவுட் பலகையை வெட்டி எஞ்சின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கையை வைக்காதீர்கள். மெல்லிய துணியும் வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அந்த வாய்க்குள் பீய்ச்சுவதும் வேலை செய்யும். ஆனால் அடைபட்ட அறைக்குள் பீய்ச்சினால் நீங்கள் சுவாசிக்கும் காற்றும் போய்விடும். காக்பிட்டிலிருந்து கையை நீட்டிச் செய்யுங்கள், உடனே வெளியே வந்துவிடுங்கள்.

டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேவிடும் லீவர்) தூக்கி அணைக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அது ஸ்டார்ட் செய்ய உதவும் லீவர். ஓடும்போது தூக்கினால் வால்வுகள் அடிபடும்.