மாம்பூ கருகுது, என்ன அடிக்கலாம்?

தை, மாசி வந்தால் கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாய வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். கூடவே மங்கலாக ஒரு படம். விவரம் தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டுமானால் எந்த ரகம், மரத்துக்கு என்ன வயசு, ஏற்கெனவே என்ன அடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்க மாட்டார், தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே முதல் செய்தியிலேயே ஊர், ரகம் (செந்தூராவா, பெங்களூராவா), மரத்தின் வயது, எத்தனை மரத்தில் பாதிப்பு, கடைசியாக என்ன மருந்து, என்றைக்கு அடித்தது என எழுதிவிடுங்கள். "டேங்குக்கு 20 மில்லி" என்பது அளவே இல்லை. 10 லிட்டர் டேங்கில் அது லிட்டருக்கு 2 மில்லி, 16 லிட்டர் டேங்கில் 1.25 மில்லிதான். லிட்டர் கணக்கில் எழுதினால் படிப்பவர் தப்பாக அடிக்க மாட்டார். மருந்தின் பெயர் வாயில் நுழையவில்லையா, லேபிளைப் படமெடுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரைவிட, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் தெரிவதே முக்கியம்.

படம் மூன்று போதும்: முழு மரம், பூங்கொத்து கிட்டத்தில், இலையின் அடிப்பக்கம். பூவுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து எடுத்தால் ஃபோகஸ் பின்னால் ஓடாது. அனுப்பும்போது எச்டி-யை அழுத்துங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி எது, தூசி எது என்று தெரியாது.

மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜை மண்டியிலும் பஸ்ஸிலும் இருப்பவர் எப்படிக் கேட்பார்? தட்டச்சு வரவில்லை என்றால் கீபோர்டு மைக்கில் தமிழில் சொல்லுங்கள், எழுத்தாக விழும். மருந்துப் பெயர்தான் ஏடாகூடமாக விழும்; அனுப்புமுன் ஒருதரம் படியுங்கள். அனுப்பிய பிறகு கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். அடுத்த வருசம் தேடுகிறவருக்குச் சிக்காது.

தக்காளி விலை போடுகிறவர்கள் எந்தச் சந்தை (ராயக்கோட்டையா, பாலக்கோடா), என்ன தேதி, பெட்டி எத்தனை கிலோ என்பதையும் சேர்க்க வேண்டும்.

"டேம் திறந்துட்டாங்க" என்ற ஒற்றை வரிதான் ஆபத்து. தென்பெண்ணையில் மேலே ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி, கீழே கிருஷ்ணகிரி அணை. இரண்டில் எது என்று தெரியாமல் காவேரிப்பட்டணம் கரையில் இருப்பவர் மோட்டாரைக் கழற்றுவதா வேண்டாமா? அணையின் பெயர், தேதி, நேரம், எத்தனை கனஅடி, யார் அறிவித்தது என்று எழுதுங்கள். இரட்டை அம்புக்குறியோடு வரும் வெள்ள வீடியோ பலமுறை கைமாறியது. போன வருசத்து ஒகேனக்கலாகவும் இருக்கலாம். தேதி தெரியாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பதில் சொல்கிறவர் அந்தக் கேள்வியை வலப்பக்கம் இழுத்து, அதற்கு அடியிலேயே எழுத வேண்டும். நடுவில் நாற்பது காலை வணக்கம் விழுந்திருக்கும். "போன் பண்ணுங்க" என்று நம்பர் போட்டால் ஒருவருக்கு மட்டும்தான் விடை கிடைக்கும். யாராவது தப்பான அளவு சொல்லியிருந்தால் "ஐயா, லேபிளில் லிட்டருக்கு இவ்வளவுதான் இருக்குங்க" என்று லேபிள் படத்தைப் போட்டால் சண்டை வராது.

பத்து நாள் கழித்துப் பழைய கேள்வியைத் தேடி எடுத்து, அடித்த மருந்து பலன் தந்ததா இல்லையா என்று அதன் கீழேயே ஒரு வரி போடுங்கள்.